செல் சவ்வின் பாய்மத்தன்மையும் நுண்பைப் போக்குவரத்தும்

செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. செல்லின் உட்புறத்தையும் வெளி உலகையும் பிரிப்பது இந்த மெல்லிய படலம்தான். உள்ளிருக்கும் அயனிகளும் புரதங்களும் சிந்திவிடாமல் காப்பது இதன் முதல் வேலை. ஆனால் கணையச் செல் செரிமான நொதிகளை வெளியே அனுப்பியாக வேண்டும். வெள்ளையணு ஒரு பாக்டீரியத்தை முழுதாக விழுங்க வேண்டும். நரம்புச் செல் நொடிக்குப் பலமுறை வேதித் தூதுகளை வெளியிட வேண்டும். இவை எதுவும் சவ்வைக் கிழித்துக்கொண்டு நடப்பதில்லை. சவ்வே குழிந்து, பிரிந்து, நுண்பையாகி, வேறோரிடத்தில் இன்னொரு சவ்வோடு கலக்கிறது. செல் கசியாமல் இது நடப்பதற்கு அடிப்படை, சவ்வு உறைந்த சுவராக இல்லாமல் பாய்மமாக இருப்பது. அந்தப் பாய்மநிலை எப்படி உண்டாகிறது, செல் அதை எப்படிக் காக்கிறது, அதன் மேல் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்பவை ஒரே கேள்வியின் மூன்று பகுதிகள்.

இரட்டை அடுக்கு

சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது என்ற எண்ணம் 1890களில் தோன்றியது. ஜூரிக்கில் பணியாற்றிய சார்லஸ் ஓவர்டன், கொழுப்பில் கரையும் பொருள்கள் மற்றவற்றைவிட விரைவாகச் செல்லுக்குள் நுழைவதைக் கண்டார். 1925இல் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினர். அது பிடித்த இடம் அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல இரு மடங்காக இருந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்று முடிவு செய்தனர். அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை; அணுவின் பரப்பையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் கிடைத்த விடை சரியாகவே அமைந்தது.

இந்த அடுக்கை உண்டாக்குவது பாஸ்போலிப்பிட் மூலக்கூறின் அமைப்பு. அதன் தலைப்பகுதி நீரை நாடும். இரண்டு கொழுப்பு அமில வால்கள் நீரை விலக்கும். நீரில் விடப்பட்ட மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை இருபுறமும் நீட்டி வரிசைகட்டுகின்றன. அப்படி உருவான தாளுக்கு ஓரம் இருந்தால், அங்கே வால்கள் நீரில் படும். அதைத் தவிர்க்கத் தாள் வளைந்து தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. கிழிந்தாலும் தானே ஒட்டிக்கொள்கிறது. 1960களில் அலெக் பாங்கம் தூய கொழுப்பை நீரில் கலந்தபோது எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல் மூடிய பைகள் உருவாயின. லிபோசோம் எனப்படும் அந்தப் பைகள், நுண்பையாக மாறும் இயல்பு கொழுப்பு அடுக்கிலேயே இருப்பதைக் காட்டின.

அசையும் சவ்வு

1935இல் டேனியெல்லியும் டேவ்சனும் கொழுப்பு அடுக்கின் இருபுறமும் புரதம் பூசியதுபோன்ற மாதிரியை முன்வைத்தனர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சவ்வு மூன்று கோடுகளாகத் தெரிந்ததை வைத்து 1959இல் ராபர்ட்சன் எல்லாச் சவ்வுகளுக்கும் ஒரே அமைப்பு என்றார். இவ்விரு படங்களிலும் சவ்வு அசைவற்றே இருந்தது.

அதை மாற்றிய சோதனை 1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஃப்ரை, எடிடின் இருவரும் ஓர் எலிச் செல்லையும் ஒரு மனிதச் செல்லையும் செண்டாய் வைரஸைக் கொண்டு ஒரே செல்லாக இணைத்தனர். எலியின் சவ்வுப் புரதங்களுக்குப் பச்சையாகவும் மனிதப் புரதங்களுக்குச் சிவப்பாகவும் ஒளிரும் எதிர்ப்பொருள்கள் பூசப்பட்டன. இணைந்த புதிதில் செல்லின் ஒரு பாதி பச்சை, மறு பாதி சிவப்பு. உடல் வெப்பநிலையில் 40 நிமிடத்தில், பெரும்பாலான செல்களில் இரு நிறங்களும் பரப்பெங்கும் கலந்துவிட்டன. செல்லின் ஆற்றல் உற்பத்தியை நஞ்சிட்டு நிறுத்தியும் கலப்பு நிற்கவில்லை. ஆனால் வெப்பநிலையை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்கியபோது நின்றது. புரதங்களை யாரும் இழுத்துச் செல்லவில்லை. பாய்மத்தில் மிதக்கும் பொருள்போல அவை தாமாகவே பரவின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை.

இதையும் பிற சான்றுகளையும் சேர்த்து 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் பாய்ம மொசைக் மாதிரியை வெளியிட்டனர். கொழுப்பு இரட்டை அடுக்கு இருபரிமாணத் திரவம். அதில் சில புரதங்கள் ஊடுருவியும் சில ஒட்டியும் மிதக்கின்றன என்பது அதன் சாரம். 1970களின் நடுவில் லேசரைக் கொண்டு சவ்வின் ஒரு புள்ளியில் ஒளிர்வை அழித்து, சுற்றியுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் அங்கே திரும்ப வந்துசேரும் நேரத்தை அளக்கும் முறை வந்தது. அத்தகைய அளவீடுகளின்படி ஒரு கொழுப்பு மூலக்கூறு தன் அடுக்குக்குள் நொடிக்குச் சுமார் 2 மைக்ரோமீட்டர் நகரக்கூடும். அது ஒரு பாக்டீரியத்தின் நீளம். ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவுவது மிக அரிது. நீரை நாடும் தலை, கொழுப்பு நிறைந்த நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும் என்பதே காரணம். சவ்வு பக்கவாட்டில் திரவம். குறுக்குவாட்டில் கட்டுப்பாடு மிக்கது.

பாய்மத்தன்மையை முடிவு செய்பவை

கொழுப்பு அமில வால்களின் வடிவம்தான் முதற்காரணி. நிறைவுற்ற வால்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நிறைவுறா வாலில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு வளைவு விழுவதால் நெருக்கம் குறையும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும்போது நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டு வால்களும் 16 கார்பன் கொண்ட நிறைவுற்றவையாக உள்ள பாஸ்பாட்டிடைல்கோலின் 41 டிகிரியில்தான் இளகுகிறது. 18 கார்பன் வால்கள் இரண்டிலும் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி வரை அது இளகியே இருக்கும். வால் நீளமாக இருந்தும் ஒரு வளைவு இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது.

விலங்குச் செல்களில் இரண்டாவது காரணி கொலஸ்டிரால். வெளிச் சவ்வில் ஏறக்குறைய ஒரு பாஸ்போலிப்பிட்டுக்கு ஒன்று என்ற அளவுவரை இது இருக்கலாம். இதன் விறைப்பான வளைய அமைப்பு பக்கத்திலுள்ள வால்களின் அசைவைக் கட்டுப்படுத்துவதால் வெப்பத்தில் சவ்வு அளவுக்கு மீறி இளகுவதில்லை. அதே மூலக்கூறு வால்கள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதையும் தடுப்பதால் குளிரில் சவ்வு சட்டென்று உறைவதும் இல்லை. இரண்டு எல்லைகளிலும் மட்டுப்படுத்தும் பொருள் இது.

செல் இந்த நிலையைத் தற்செயலுக்கு விட்டுவிடுவதில்லை. 1974இல் சினென்ஸ்கி ஈ.கோலை பாக்டீரியத்தை 15 டிகிரி முதல் 43 டிகிரி வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்தார். ஒவ்வொன்றும் வளர்ந்த வெப்பநிலையில் அளந்தபோது சவ்வுக் கொழுப்பின் பிசுப்புத்தன்மை ஏறக்குறைய மாறாமல் இருந்தது. குளிரில் வளர்ந்தவை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டிக்கொண்டிருந்தன. குளிர்நீருக்குப் பழகும் மீன்களிலும் இதே மாற்றம் காணப்படுகிறது. வெப்பமண்டலப் பயிர்கள் பலவற்றுக்கு இந்தத் திறன் குறைவு. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கிறது. குளிரில் சவ்வு பழுதாகி, தனித்தனி அறைகளில் இருந்த நொதிகளும் ஃபீனால் சேர்மங்களும் கலந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஒரே சீரான கடல் அல்ல

1972ஆம் ஆண்டு மாதிரி சவ்வைப் புரதங்கள் தடையின்றி மிதக்கும் பரப்பாகக் காட்டியது. அதன்பின் வந்த ஆய்வுகள் அதில் மூன்று திருத்தங்களைச் செய்தன.

முதலாவது, இரு அடுக்குகளும் ஒன்றல்ல. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு நலமான செல்லில் ஏறக்குறைய முழுதும் உட்புற அடுக்கிலேயே இருக்கும். ஃபிளிப்பேஸ் எனப்படும் நொதிகள் ஆற்றலைச் செலவிட்டு அதை உட்புறத்தில் நிறுத்துகின்றன. செல் திட்டமிட்டு மடியும்போது அது வெளிப்புறத்துக்கு வருகிறது. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் அதை அடையாளம் கண்டு அந்தச் செல்லை விழுங்குகின்றன.

இரண்டாவது, கொலஸ்டிராலும் ஸ்பிங்கோலிப்பிடுகளும் சேர்ந்து சற்றே இறுகிய திட்டுகளை உண்டாக்குகின்றன என்ற கருத்து. 1997இல் சைமன்ஸும் இக்கோனனும் இவற்றைக் கொழுப்புத் தெப்பங்கள் என்று விவரித்தனர். உயிருள்ள செல்லில் இவற்றின் அளவும் ஆயுளும் பற்றி நீண்ட விவாதம் நடந்துவருகிறது. மிகச் சிறியவை, கணநேரமே நிலைப்பவை என்ற கருத்து இன்று வலுவாக உள்ளது.

மூன்றாவது, சவ்வுக்கு அடியில் இருக்கும், ஆக்டின் என்ற புரதத்தாலான இழை வலை. ஜப்பானில் அகிஹிரோ குசுமியின் குழு தனித்தனி மூலக்கூறுகளைத் தொடர்ந்து பார்த்தபோது, அவை ஒரு சிறு கட்டத்துக்குள் சுற்றித் திரிந்து பின் அடுத்த கட்டத்துக்குத் தாவுவதைக் கண்டது. இழை வலை வேலிபோல் சவ்வைப் பாத்தி பிரித்திருப்பதே காரணம். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர் குழு செய்த ஆய்வுகள், சில சவ்வுப் புரதங்கள் நானோமீட்டர் அளவிலான கொத்துகளாகச் சேர்வதையும், அந்தக் கொத்துகளை ஆக்டின் இழைகள் ஆற்றலைச் செலவிட்டு உருவாக்குவதையும் காட்டின. சவ்வின் ஒழுங்கு கொழுப்பின் வேதியியலால் மட்டும் வருவதல்ல, செல் உழைத்துப் பெறுவது என்பது இதன் பொருள்.

வெளியே செல்லும் பாதை

ஒரு புரதம் செல்லை விட்டு வெளியேறும் வழியை முதலில் தெளிவாகப் படம்பிடித்தவர் ஜார்ஜ் பலாடே. அவரும் ஜேமிசனும் 1960களில் கினிப் பன்றியின் கணையத் துண்டுகளுக்கு புரதத்தின் கட்டுமானப் பொருளான லியூசினை 3 நிமிடம் மட்டும் கதிரியக்க வடிவில் கொடுத்தனர். பின் சாதாரண லியூசினுக்கு மாற்றினர். அந்த 3 நிமிடத்தில் உருவான புரதம் மட்டும் கதிரியக்கம் கொண்டது. அதன் பயணத்தை நேரம் நேரமாகப் பின்தொடரலாம். முதலில் எண்டோபிளாச வலைப்பின்னல், சுமார் 20 நிமிடத்தில் கோல்கைப் பகுதி, 2 மணி நேரத்துக்குள் செல்லின் முனையில் காத்திருக்கும் நொதிக் குருணைகள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் புரதத்தைச் சுமந்தவை நுண்பைகள். இப்பணிகளுக்காக 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசு பலாடே, ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் மூவருக்கும் கிடைத்தது.

இந்தப் பாதையை இயக்கும் மரபணுக்களைத் தேடியவர் ராண்டி ஷெக்மன். பெர்க்லியில் அவரும் மாணவர் பீட்டர் நோவிக்கும் 25 டிகிரியில் இயல்பாக இருந்து 37 டிகிரியில் சுரப்பு நின்றுபோகும் ஈஸ்ட் திரிபுகளை 1979இல் அறிவித்தனர். வெளியேற முடியாத நுண்பைகள் அந்தச் செல்லுக்குள் குவிந்து கிடந்தன. சரக்கு தேங்கியதால் செல்லின் அடர்த்தி கூடியது. அடர்த்தி கூடிய செல்களை மட்டும் பிரித்தெடுத்து, அடுத்த ஆண்டுக்குள் 23 மரபணுக்களை அவர்கள் இனங்கண்டனர்.

நுண்பை உருவாகச் சவ்வு வளைய வேண்டும். வளைப்பவை உறைப் புரதங்கள். எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்து முன்னோக்கிச் செல்லும் பைகளுக்குக் காப்-2, கோல்கையிலிருந்து திரும்பி வருபவற்றுக்குக் காப்-1, வெளிச் சவ்விலிருந்தும் கோல்கையின் கடைசிப் பகுதியிலிருந்தும் கிளம்புபவற்றுக்குக் கிளாத்ரின் என்று உறைகள் வேறுபடுகின்றன. உறை சவ்வை வளைப்பதோடு எந்தச் சரக்கு ஏற வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கிறது. சரக்கைப் பிடிக்கும் ஏற்பிகள் சவ்வில் நகர்ந்து வந்து ஓரிடத்தில் கூடினால்தான் இந்தத் தேர்வு நடக்கும். பாய்மத்தன்மை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

உள்ளே வரும் பாதை

உள்வாங்கலின் பெரிய வடிவம்தான் முதலில் தெரியவந்தது. 1882இல் மெசினாவில் இலியா மெச்னிகாஃப், நட்சத்திரமீன் இளம் உயிரியின் உடலில் முள்ளைக் குத்தியபோது செல்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். செல் விழுங்கல் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. செல் குடித்தலை 1931இல் வாரன் லூயிஸ் விவரித்தார். உள்வாங்கல் வெளியேற்றல் இரண்டுக்கும் எண்டோசைட்டோசிஸ், எக்சோசைட்டோசிஸ் என்ற பெயர்களை 1963இல் தந்தவர் டி டூவ்.

உறை பூண்ட குழிகளை 1964இல் ராத், போர்ட்டர் இருவரும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முட்டைச் செல்லில் கண்டனர். இரத்தம் குடித்த கொசுவில் சில மணி நேரத்துக்குள் இந்தக் குழிகள் பல மடங்கு பெருகி, மஞ்சள்கருப் புரதத்தை உள்ளே இழுத்தன. 1970களின் நடுவில் பார்பரா பியர்ஸ் அந்த உறையைத் தூய்மைப்படுத்தி, அதன் முதன்மைப் புரதத்துக்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். மூன்று கால்கள் கொண்ட அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கூடைபோன்ற அமைப்பாகின்றன. குழியின் கழுத்தை நெரித்துப் பையைத் துண்டிப்பது டைனமின். இந்தப் புரதம் பழுதான பழ ஈ, வெப்பம் கூடியதும் செயலிழந்து விழுகிறது. நரம்பு முனையில் சவ்வைத் திரும்ப எடுக்க முடியாததால் நுண்பைகள் தீர்ந்துவிடுவதே காரணம்.

இந்தப் பாதையின் மருத்துவப் பொருளைக் காட்டியவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகளை ஓர் ஏற்பி பிடிக்கிறது. ஏற்பி உறைக்குழிக்கு நகர்கிறது. பை உள்ளே வந்து எண்டோசோம் என்ற அறையோடு சேர்கிறது. அங்குள்ள அமிலத்தன்மையில் துகள் கழன்று செரிமான அறையான லைசோசோமுக்குப் போக, ஏற்பி சவ்வுக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். ஒரே ஏற்பி நூற்றுக்கும் மேற்பட்ட முறை சுற்றிவரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த ஏற்பியின் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே மாரடைப்பு வரலாம். ஒரு நோயாளியின் ஏற்பி எல்.டி.எல்.லைச் சரியாகவே பிடித்தது. ஆனால் குழிகளில் கூடவில்லை. செல்லுக்குள் நீண்டிருக்கும் அதன் வாலில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிஸ்டீன் இருந்தது. உறையோடு பிணைக்கும் கொக்கி அந்த டைரோசின்தான். பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரு சவ்வுகள் ஒன்றாவது

பாய்மமாக இருப்பதால் மட்டும் இரு சவ்வுகள் தாமாகக் கலந்துவிடுவதில்லை. இரண்டின் மேலும் ஒட்டியிருக்கும் நீரை விலக்கி, மின்னேற்றத் தள்ளலை மீறி, மிக நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்பவை ஸ்னேர் புரதங்கள். ஜேம்ஸ் ரோத்மன் 1980களில் செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயில் கோல்கைப் போக்குவரத்தை நடத்திக் காட்டி, தேவைப்படும் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். 1993இல் அவரது குழு ஸ்னேர் கருத்தை வெளியிட்டது. நுண்பையில் ஒன்றும் இலக்குச் சவ்வில் துணையும் இருக்கும். இரண்டும் முறுக்கிக்கொண்டு நான்கு சுருள் கொண்ட கட்டாக இறுகும்போது சவ்வுகள் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன. முதலில் எதிரெதிரே நிற்கும் அடுக்குகள் கலக்கின்றன; பின் துளை திறக்கிறது. எந்தப் பை எங்கே நிற்க வேண்டும் என்பதில் ராப் என்ற புரதக் குடும்பமும் பங்கேற்கிறது. மனிதரில் இதில் 60க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு.

நரம்பு முனையில் இந்த நிகழ்வு மிக வேகமானது. நரம்புக்கடத்தி தனித்தனிப் பொட்டலங்களாக வெளியேறுவதை 1950களிலேயே பெர்னார்ட் காட்ஸ் மின்னளவீடுகளால் உய்த்துணர்ந்தார். அந்தப் பொட்டலம் சுமார் 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பை. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது; சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதை உணர்கிறது; ஏற்கெனவே பாதி முறுக்கிய நிலையில் நிற்கும் ஸ்னேர்கள் வேலையை முடிக்கின்றன. எல்லாம் ஒரு மில்லிநொடி அளவில் நடந்துவிடும். ஷெக்மன், ரோத்மன், இந்தக் கால்சியக் கட்டுப்பாட்டை விளக்கிய தாமஸ் சூட்ஹாஃப் ஆகியோருக்கு 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஸ்னேர்களின் இன்றியமையாமையை இரு பாக்டீரிய நஞ்சுகள் காட்டுகின்றன. டெட்டனஸ் நஞ்சு தண்டுவடத்தில் தசையை அடக்கும் நரம்புகளில் நுண்பையின் ஸ்னேரை வெட்டுகிறது. அடக்குவார் இல்லாமல் தசைகள் இறுகி வலிப்பு வருகிறது. பாட்டுலினம் நஞ்சு தசையை இயக்கும் நரம்பு முனையில் ஸ்னேரை வெட்டுகிறது. தசைகள் தளர்ந்து செயலிழக்கின்றன.

வரவும் செலவும்

ஒவ்வொரு எக்சோசைட்டோசிஸும் வெளிச் சவ்வின் பரப்பைக் கூட்டும். ஒவ்வொரு எண்டோசைட்டோசிஸும் குறைக்கும். மேக்ரோஃபேஜ் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தன் வெளிச் சவ்வு முழுவதற்கும் சமமான பரப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருந்தும் செல் சுருங்குவதில்லை, அதே அளவு சவ்வு திரும்பி வருவதால். நரம்பு முனையிலும் இப்படித்தான் என்பதை 1973இல் ஹியூசரும் ரீஸும் தவளையின் நரம்புத்தசைச் சந்திப்பில் காட்டினர்.

இந்தச் சுழற்சியை உடல் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் பயன்படுத்துகிறது. தசை, கொழுப்புச் செல்களில் குளூக்கோஸைக் கடத்தும் குளூட்-4 புரதம் நுண்பைகளில் உள்ளே காத்திருக்கிறது. இன்சுலின் வந்ததும் அந்தப் பைகள் வெளிச் சவ்வோடு கலந்து வாயில்களின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவில் இந்த நகர்வு மந்தமாகிறது. சிறுநீரகத்தில் வாசோபிரசின் ஹார்மோன் நீர்க் கால்வாய்ப் புரதங்களை இதே முறையில் மேலே கொண்டுவந்து உடலின் நீரைச் சேமிக்கிறது.

பாதையைப் பயன்படுத்தும் நோயும் மருந்தும்

செல்லின் வழக்கமான பாதைகளைக் கிருமிகளும் பிடித்துக்கொள்கின்றன. இன்ஃபுளூயன்சா வைரஸ் எண்டோசோமுக்குள் போய், அங்குள்ள அமிலத்தன்மையில் தன் புரதத்தை விரித்து, செல்லின் சவ்வோடு தன் உறையைக் கலக்கிறது. காலரா நஞ்சு பாக்டீரிய வளர்ப்பின் வடிநீரில் இருப்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். அந்த நஞ்சு குடல் செல்லின் ஜிஎம்-1 என்ற சவ்வுக் கொழுப்பில் ஒட்டி, பலாடே கண்ட பாதையில் எதிர்த்திசையில் பயணித்து, எண்டோபிளாச வலைப்பின்னலை அடைந்து அங்கிருந்து செல்லின் திரவப் பகுதிக்குள் இறங்குகிறது.

மருத்துவமும் அதே வாயிலில் நுழைகிறது. 2020இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. கோவிட் தடுப்பூசிகளில் மரபுச்செய்தி சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகளில் பொதியப்பட்டிருக்கிறது. எண்டோசைட்டோசிஸ் அதை உள்ளே இழுக்கிறது. எண்டோசோமின் அமிலத்தில் துகளின் கொழுப்பு நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றம் கொண்ட சவ்வுக் கொழுப்போடு கலந்து இரட்டை அடுக்கைக் குலைக்கிறது, செய்தி வெளியேறுகிறது. இப்படித் தப்புவது சிறு பங்கே. அதைக் கூட்டுவது இத்துறையின் முக்கிய இலக்குகளில் ஒன்று.

தீராத கேள்விகளும் இருக்கின்றன. இணைவுத் துளை திறக்கும் கணத்தில் கொழுப்பும் ஸ்னேரும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, நரம்பு நுண்பை முழுதாகக் கலக்கிறதா, தொட்டுத் திறந்து மூடிக்கொண்டு விலகுகிறதா, கொழுப்புத் திட்டுகள் சரக்குத் தேர்வில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பவை இன்றும் ஆராயப்படுகின்றன. முடிவாகத் தெளிந்திருப்பது வேலைப் பகிர்வு. வளையவும் பிரியவும் கலக்கவும் கிழிந்தால் ஒட்டவும் இடம் தருவது கொழுப்பின் பாய்மநிலை. எப்போது, எங்கே, எதைச் சுமந்து என்று முடிவு செய்பவை புரதங்கள். கொழுப்பு உறைந்தால் புரதங்களின் கட்டளை நிறைவேறாது. புரதங்கள் பழுதானால் பாய்மம் திசையற்றுப்போகும். பாக்டீரியம் முதல் மனித நரம்பு வரை செல்கள் சவ்வின் கொழுப்பைத் திருத்திக்கொண்டே இருப்பது இந்த இரண்டும் ஒருங்கே இயங்குவதற்காகத்தான்.